யாருடைய பொருள்?

கடைக்குப் போகிறோம். பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம். ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பொருளைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறோம். அந்த நிமிஷத்திலிருந்து அது நம்முடையது என்பதில் நம் பாட்டனாருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அம்மி வாங்கினார், கொத்து மழுங்கினால் தெருவோடு போகிறவர்களைக் கூப்பிட்டுக் கொத்திக்கொண்டார். சைக்கிள் வாங்கினார், சக்கரம் கோணினால் மூலைக் கடைக்காரர் நிமிர்த்திக் கொடுத்தார். செய்து விற்றவன் மனம் மாறிவிட்டால் தம் வீட்டுச் சாமான் வேலை செய்யாமல் நின்றுவிடும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

நமக்கு வாய்த்த காலம் வேறு. பொருள் நம் மேஜைமேல் இருக்கிறது. அதன் உயிர் மட்டும் விற்றவனிடமே இருக்கிறது. இப்படிப்பட்ட பொருளை 'என்னுடையது' என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா? விற்றவனுக்கு அந்த உயிரைப் பிடித்துவைத்துக்கொள்ள நியாயம் உண்டா? கேள்வி பெரியதுதான். ஆனால் அது எனக்குப் பெரிய இடத்திலிருந்து வரவில்லை. வீட்டு உபயோகத்துக்கு ஒரு சாதாரண ஸ்கேனர் வாங்குவது எப்படி என்ற சின்ன விஷயத்திலிருந்து வந்தது.

விருத்தாசலத்தில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. திருமுதுகுன்றம், பழமலை என்றெல்லாம் பழைய பெயர்கள் கொண்ட அந்த ஊரை இந்தக் காலத்தில் பீங்கான் நகரம் என்கிறார்கள். பீங்கானுக்கென்றே தொழிற்பேட்டையும், அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்கும் அரசாங்க நிறுவனமும் உள்ள ஊர். சிநேகிதரின் தகப்பனார் அங்கே சின்னதாக ஒரு பட்டறை வைத்துப் பொம்மைகளும் தட்டுகளும் செய்தவர். பட்டறை மூடி வெகு காலமாகிவிட்டது. பெரியவரும் இப்போது இல்லை. மிஞ்சியிருப்பவை மூன்று நோட்டுப் புத்தகங்கள்.

அவற்றை நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன். எந்த மண் எத்தனை பங்கு, பெல்ஸ்பார் எவ்வளவு, நீல மெருகுக்குக் கோபால்ட் எவ்வளவு, எந்த நாள் சூளையில் எந்தத் தட்டு வெடித்தது என்று பென்சிலில் எழுதிய கணக்குகள். நடுநடுவே அச்சுகளுக்கான வரைபடங்கள். பீங்கான் மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். ஆகவே அச்சு, வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். எவ்வளவு பெரிதாக என்பதுதான் தொழில். பெரியவர் அந்த வரைபடங்களையெல்லாம் நிஜ அளவிலேயே போட்டிருந்தார்.

காகிதம் பழுத்து ஓரம் உதிர்கிறது. தையல் விட்டு ஏடு ஏடாகக் கழன்று வருகிறது. இதையெல்லாம் கணினியில் ஏற்றிப் பத்திரப்படுத்த வேண்டும் என்பது பிள்ளையின் ஆசை. "கைப்பேசியில் படம் பிடித்தால் போதாதா?" என்று நான் கேட்டேன். அவர் பிடித்தே காட்டினார். ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். பென்சில் கோடு பாதி மறைந்துவிட்டது. முக்கியமான விஷயம், அளவு போய்விட்டது. கையைச் சற்றுச் சாய்த்தால் வட்டம் முட்டையாகிறது. ஸ்கேனரின் கண்ணாடிமேல் தாளைக் கவிழ்த்தால் இந்தச் சங்கடம் இல்லை. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால், தாளின் ஓர் அங்குலம் எப்போதும் 300 புள்ளிதான். பத்து வருஷம் கழித்து அச்சடித்தாலும் அளவுகோலை வைத்துப் பார்க்கலாம்.

வீட்டில் இருந்த கணினி அவருடைய பெண் பள்ளிக்கூடத்தில் பெற்றது. 2011-ஆம் ஆண்டு தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது நினைவிருக்கும். அந்த வரிசையில் வந்தது. அதில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டிருந்தார்கள். விண்டோஸ் 10-க்கான இலவசப் பராமரிப்பை அதன் கம்பெனி 2025 அக்டோபரில் நிறுத்தியபின், பழைய கணினி வைத்திருக்கும் எத்தனையோ வீடுகளில் இந்த யோசனை நடந்திருக்கிறது. லினக்ஸுக்குக் காசு கிடையாது. பழைய இயந்திரத்திலும் சுமையில்லாமல் ஓடும். பெண்ணின் யோசனை நல்ல யோசனைதான்.

ஸ்கேனர் வாங்கச் சிநேகிதர் ஒரு கடைக்குப் போனார். கடைக்காரர் நல்ல மனுஷர்.

"லினக்ஸா சார்? பெட்டி மேல விண்டோஸ்னு போட்டிருக்கு பாருங்க. அதுக்குத்தான் நான் பொறுப்பு. மத்ததுல டிரைவர் கிடைக்குமான்னு எனக்குத் தெரியாது" என்றார்.

"என்ன சார் இது? கண்ணாடி, விளக்கு, கம்பி எல்லாம் அதேதான். டிரைவர் இல்லேன்னா ஓடாதாமே!" என்று சிநேகிதர் என்னிடம் வந்து சிரித்தார்.

சிரிப்புக்குரிய வார்த்தைதான், ஆனால் பொருத்தமான வார்த்தை. ஸ்கேனருக்குள் விளக்கு இருக்கிறது, ஒளியை அளக்கும் உணர்விகள் இருக்கின்றன, அவற்றைத் தாளின் நீளத்துக்கு நகர்த்தும் ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. எப்போது விளக்கை ஏற்றுவது, எவ்வளவு வேகத்தில் நகர்வது, அளந்த எண்களை எப்படி அனுப்புவது என்று கட்டளையிடுவது கணினியில் இருக்கும் ஒரு நிரல். அதற்குத்தான் டிரைவர் என்று பெயர். அந்தக் கட்டளைகளுக்கு ஒரு பாஷை உண்டு. பல கம்பெனிகள் அந்தப் பாஷையை வெளியே சொல்வதில்லை. மோட்டார் வண்டியை நமக்கு விற்றுவிட்டு, அதை ஓட்டத் தெரிந்த ஒரே டிரைவரைத் தங்கள் சம்பளத்திலேயே வைத்துக்கொள்வதைப் போன்றது இது. அவர்கள் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டால் வண்டி வாசலில் நிற்கும்.

திருப்பி அழைத்துக்கொண்டதும் உண்டு. 2007-ஆம் ஆண்டு விண்டோஸ் விஸ்டா வந்தபோது, அதற்கு முந்திய விண்டோஸில் ஓடிய பல ஸ்கேனர்களுக்குப் புது டிரைவர் வரவில்லை. 2019-ல் ஆப்பிளின் கட்டலினா வந்தபோது பழைய 32 பிட் நிரல்கள் அத்தனையும் நின்றன. அவற்றை நம்பியிருந்த ஸ்கேனர்களும் நின்றன. கண்ணாடியில் கீறலில்லை, விளக்கு எரிகிறது, மோட்டார் சுற்றுகிறது. ஆனாலும் குப்பை. ஒரு பொருள் தேய்ந்து சாவது இயற்கை. தேயாமலே சாகடிக்கப்படுவதில்தான் தர்மசங்கடம் இருக்கிறது.

இந்தச் சங்கடத்தை முதலில் உரக்கச் சொன்னவரும் இதற்கு உறவான ஓர் இயந்திரத்தால்தான் தூண்டப்பட்டார். 1980-ஐ ஒட்டி, அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனியின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அடிக்கடி தாள் சிக்கிக்கொண்டது. பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர் ஏற்பாடு செய்திருந்தார். புதியதிலும் அப்படிச் செய்யலாமென்று பார்த்தால் அதன் மூலநிரல் கிடைக்கவில்லை. அது கையிலிருந்த வேறொரு பல்கலைக்கழக ஆசிரியரிடம் கேட்டார். வெளியே தருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருப்பதாக அவர் மறுத்துவிட்டார். 1983-ல் ஸ்டால்மன் க்னூ என்ற இயக்கத்தை அறிவித்தார். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் அதோடு சேர்ந்துகொண்டது.

ஸ்கேனர்களுக்கென்று 1990-களில் இதே வழியில் பிறந்தது 'சேன்' என்னும் திட்டம். சில கம்பெனிகள் தங்கள் பாஷையைச் சொல்லிக்கொடுத்தன. சொல்லாத இடங்களில் ஆர்வலர்கள் கணினிக்கும் ஸ்கேனருக்கும் நடுவே கம்பியில் போகும் செய்திகளைக் கவனித்து, பேச்சைக் கேட்டே பாஷை கற்கும் குழந்தைகளைப் போலக் கற்றுக்கொண்டார்கள். கற்றதை எல்லாருக்கும் பொதுவாக எழுதிவைத்தார்கள். கம்பெனி கைவிட்ட எத்தனையோ ஸ்கேனர்கள் இன்றும் லினக்ஸில் ஓடிக்கொண்டிருப்பது இவர்கள் புண்ணியம்.

இங்கே ஓர் ஆட்சேபணை எழும். சிநேகிதரே அதை எழுப்பினார்.

"எனக்கு ஒரு வரி நிரல் எழுதத் தெரியாது. மூலநிரல் திறந்திருந்தால் என்ன, பூட்டியிருந்தால் என்ன?"

நியாயமான கேள்வி. ஆனால் நம் பாட்டனாருக்கும் அம்மி கொத்தத் தெரியாது. கொத்தத் தெரிந்தவர்கள் தெருவில் நடமாட முடிந்தது. அதுவே அவருக்குப் போதுமாயிருந்தது. சுதந்திரம் என்பது எல்லாவற்றையும் நானே செய்துகொள்வதல்ல. செய்யக்கூடியவன் எங்கோ ஒருவன் இருக்கும்போது, அவனை யாரும் தடுக்காமலிருப்பது. ஊர்க் கிணற்றைத் தூர்வார எனக்குத் தெரியாது என்பதற்காக, கிணற்றைப் பூட்டிச் சாவியை வெளியூர்க்காரனிடம் கொடுத்துவிடலாமா?

இரண்டாவது ஆட்சேபணை இதைவிடக் கடினமானது. அது அந்த நோட்டுப் புத்தகங்களுக்குள்ளேயே இருந்தது. பெரியவர் தம் மெருகுக் கலவையைப் போட்டிக்காரர்களிடம் சொன்னவரல்ல. சில இடங்களில் சரக்கின் பெயருக்குப் பதில் தமக்கே புரியும்படி வெறும் எழுத்துகளைப் போட்டு வைத்திருக்கிறார். தொழிலாளி தன் வித்தையை மறைப்பது தவறா? தவறில்லை என்றால், ஸ்கேனர் கம்பெனி மறைப்பது மட்டும் எப்படித் தவறாகும்? அவர்களும் உழைத்துத்தானே செய்தார்கள்?

இதைப் பல நாள் யோசித்தேன். எனக்குத் தோன்றிய பதில் இது. ரகசியத்தில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று செய்முறை ரகசியம். மற்றது உபயோக ரகசியம். பெரியவர் நீலத் தட்டை எப்படிச் செய்தார் என்பதை மறைத்தார். ஆனால் அவரிடம் தட்டு வாங்கிய வீட்டில் அதில் சோறு போட்டுச் சாப்பிட அவர் தயவு வேண்டியிருக்கவில்லை. அவருடைய சூளை அணைந்து இத்தனை வருஷமாகியும், அந்தத் தட்டு எங்கோ ஒரு வீட்டில் இன்னும் சோறு தாங்கிக்கொண்டிருக்கும். அவர் தம் வித்தையைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். தட்டை முழுசாகக் கொடுத்துவிட்டார். அதுதான் விற்பது என்பதன் அர்த்தம்.

ஸ்கேனர் கம்பெனியும் தன் உணர்வியை எப்படி வார்த்தது, கண்ணாடியை எங்கே தீட்டியது என்பதை மறைத்துக்கொள்ளட்டும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் விளக்கை ஏற்று, நகரு, எண்ணை அனுப்பு என்று சொல்லும் பாஷை செய்முறையைச் சேர்ந்ததல்ல, உபயோகத்தைச் சேர்ந்தது. அதை மறைத்து விற்பது, தட்டை விற்றுவிட்டு ஒவ்வொரு வேளையும் சாப்பிட உத்தரவு கேள் என்பதாகும். அது விற்பனையாகாது, வாடகை. வாடகையென்று சொல்லி வாடகையை வாங்கினாலும் பரவாயில்லை. விலையை வாங்கிக்கொண்டு வாடகைக்கு விடுவதுதான் அநியாயம்.

அநியாயத்தைக் கண்டுபிடித்துவிட்டால் மட்டும் நம் கடமை தீர்ந்துவிடாது. வாங்குகிறவனுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. அது வாங்குமுன் விசாரிப்பது. மாடு பிடிக்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் கயிற்றை மாற்றிக்கொள்வதில்லை. ஸ்கேனருக்கும் பல் உண்டு. சிநேகிதரும் அவர் பெண்ணும் பார்த்த வகையைச் சொல்கிறேன்.

சேன் திட்டத்தார் பொதுவில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்கேனருக்கும் எதிரே முழுமை, நன்று, அடிப்படை, மிகக் குறைவு, சோதிக்கப்படவில்லை, ஆதரவில்லை என்று ஒரு தரம் போட்டிருக்கும். குடும்பப் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. எண் வரைக்கும் பார்க்க வேண்டும். கேனனின் லைடு வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். 110-ம் 210-ம் ஒரு டிரைவரில் ஓடுகின்றன. 300-ம் 400-ம் வேறொரு டிரைவரில் ஓடுகின்றன. அண்ணன் நல்லவன் என்பதற்காகத் தம்பிக்குப் பெண் கொடுக்க முடியாது. வேறு சில ஸ்கேனர்களுக்கு டிரைவர் பொதுவில் இருந்தாலும், இயந்திரத்துக்குள் ஒவ்வொரு தடவையும் ஏற்ற வேண்டிய ஒரு கோப்பு கம்பெனியின் தட்டிலிருந்துதான் வர வேண்டும். அதுவும் ஒரு பூட்டுத்தான். இப்போது டிரைவரே வேண்டாத வகையும் வந்திருக்கிறது. பல கம்பெனிகளும் ஒப்புக்கொண்ட ஒரே பொதுப் பாஷையில் பேசுகிறவை அவை. பெரும்பாலும் அச்சடிப்பதும் ஸ்கேன் செய்வதும் சேர்ந்த இயந்திரங்களில் இது காணப்படுகிறது. நியாயத்தின் பக்கம் வியாபாரமும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

அடுத்தது உடல்வாகு. மெல்லிய தட்டைப் போன்ற ஸ்கேனர்களில் உணர்விகள் கண்ணாடியை ஒட்டியே நகரும். ஒரே கம்பியில் மின்சாரமும் செய்தியும் போய்விடும், விலையும் குறைவு. ஆனால் தாள் கண்ணாடியில் படிந்திருக்க வேண்டும். சற்றுத் தூக்கினாலும் எழுத்து மங்கும். தடித்த புத்தகத்தின் நடு மடிப்பு இதில் சரியாக வராது. கண்ணாடிகளும் லென்ஸும் வைத்த பருத்த ஸ்கேனர்களுக்கு அந்தக் குறை குறைவு. நோட்டுகளின் தையல் விட்டு ஏடுகள் தனித்தனியாக வந்துவிட்டதால், சிநேகிதருக்கு மெல்லியதே போதுமென்று ஆயிற்று. பெட்டிமேல் 9600, 19200 என்று போட்டிருக்கும் எண்களில் பெரும்பகுதி நிரல் கற்பனை செய்து நிரப்பும் புள்ளிகள். அதற்குக் காசு கொடுப்பது வீண். எழுத்துக்கு அங்குலத்துக்கு 300, புகைப்படத்துக்கு 600 போதும். 300-ல் ஒரு ஏ4 தாள் 2480-க்கு 3508 புள்ளி. 1957-ல் அமெரிக்காவில் ரஸல் கிர்ஷ் தம் மூன்று மாதக் குழந்தையின் படத்தை முதன்முதலாகக் கணினியில் ஏற்றியபோது அது 176-க்கு 176 புள்ளிதான். அதிலேயே குழந்தையின் முகம் தெரிந்தது.

கடைசியாக, லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, கடைக்காரர் சம்மதித்தால் அங்கேயே ஒரு தாளை வைத்துப் பார்ப்பது. இதைவிட மேலான உத்தரவாதம் கிடையாது. அந்த நல்ல மனுஷர் சம்மதித்தார். இயந்திரம் ஓடியது. "அட, இதுலயும் ஓடுதா!" என்று அவரே ஒரு சீட்டில் குறித்துவைத்துக்கொண்டாராம்.

நகல் எடுத்துவிட்டால் மூலத்தை என்ன செய்வது என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு அந்த ஊரின் கதையே பதில் சொல்லும். சுந்தரர் திருமுதுகுன்றத்தில் 12,000 பொன் பெற்றார். அதை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளும்படி இறைவன் சொன்னான். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற பேச்சு இதைத் தொட்டு வந்ததுதான். சுந்தரர் பக்தர், ஆனாலும் அந்தப் பொன்னில் ஒரு துண்டை மச்சமாக வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்ததை அதோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. மறுபடி பாடித்தான் சரியாயிற்று. ஸ்கேன் செய்வதும் ஆற்றில் போட்டுக் குளத்தில் எடுப்பதுதான். இடத்தை மிச்சப்படுத்த ஜேபெக் முறையில் இறுக்கிச் சேமித்தால் மாற்றுக் கொஞ்சம் குறையும். பென்சில் கோட்டுக்கு அது ஆபத்து. பி.என்.ஜி. முறையில் குறையாது. எப்படியிருந்தாலும் மூல ஏட்டை எறிந்துவிடக் கூடாது. நகலை அதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இறைவன் கொடுத்ததையே உரைத்துப் பார்த்தவர் இருந்திருக்கிறார். இயந்திரம் கொடுத்ததை உரைத்துப் பார்ப்பதில் வெட்கம் என்ன?

இன்னும் ஒரு கடன் பாக்கி. முகம் தெரியாத சிலர் கூலியில்லாமல் உழைத்துப் பூட்டைத் திறந்து வைத்தார்கள். அதன் பலனை அனுபவிக்கிறவன் அவர்களுக்கு என்ன செய்ய வேண்டும்? பணம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பட்டியலில் 'சோதிக்கப்படவில்லை' என்று பல ஸ்கேனர்களின் எதிரே எழுதியிருக்கிறது. டிரைவர் தயார், ஆனால் எழுதியவனிடம் அந்த ஸ்கேனர் இல்லை. அதை வைத்திருக்கும் யாராவது ஒருவர் தாளை வைத்துப் பார்த்து, ஓடுகிறது அல்லது ஓடவில்லை என்று ஒரு வரி எழுதிப் போட்டால் போதும். அடுத்த ஊரில், அடுத்த தேசத்தில், தகப்பன் கையெழுத்தைக் காப்பாற்றத் தவிக்கும் ஒருவன் காசைத் தொலைக்காமல் தப்புவான். அந்த ஒரு வரியை எழுதாமல் 'பொருள் என்னுடையது' என்று மார்தட்டுகிறவன், கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டு ராட்டினத்துக்கு எண்ணெய் விடாமல் போகிறவன்தான்.